மூன்று கேள்விக்குறிகள்

பைக்கிலிருந்து விழுந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி மழை, செம்மண்டலம் தாண்டி ரோடெல்லாம் சேறு, முன்சக்கரம் வழுக்கிவிட்டது என்று நினைத்தேன். புருவத்தில் நான்கு தையல். ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருந்தது. கடலூரில் இருசக்கர வாகன ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்து, ஹெல்மெட்டும் விற்கிறவன் நான். இதை எழுதவே கூச்சமாகத்தான் இருக்கிறது.

தையல் போட்ட இடத்தில், எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்கள். ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். ரத்தக்கசிவு இல்லை. ஆனால் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டூட்டி டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உங்ககூட யார் வந்திருக்காங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

வலது பக்க மூளையில் ஒரு இடத்தில் வீக்கம். அதன் நடுவில் ஏதோ ஒன்று. அவ்வளவுதான் அன்றைக்குச் சொல்ல முடிந்தது. வெளியே வரும்போது ஊழியர் ஒருவர் என் மச்சானிடம் தணிந்த குரலில், “மூளையில கட்டிங்க” என்றார். அந்த ஒரு சொல் ராத்திரிக்குள் நெல்லிக்குப்பம், பண்ருட்டி வரைக்கும் போய்விட்டது. நம் பேச்சில் கொப்புளமும் கட்டி, சீழ் பிடித்ததும் கட்டி, புற்றும் கட்டி. சொந்தக்காரர்களுக்குக் கடைசி அர்த்தம் மட்டும்தான் தெரியும். மறுநாள் காலை வீட்டில் பதினேழு செருப்பு. அம்மா திருவதிகைக்கு நேர்ந்துகொண்டாள். வைத்தியர்களால் தீராத சூலை அப்பருக்குத் தீர்ந்த இடம், நம் ஊருக்குப் பக்கம்தானே என்று. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கே போய் வந்ததில் ஒரு ராத்திரியாவது தூங்கினேன்.

முதல் நரம்பியல் டாக்டர் உள்ளூர்க்காரர். ஸ்கேனைப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது காசநோய் வந்திருக்கிறதா என்று கேட்டார். அப்பாவுக்கு வந்திருந்தது, நான் ஐந்தாவது படிக்கும்போது. “அப்ப இது டி.பி. கட்டியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எம்.ஆர்.ஐ. எடுங்க, மாத்திரையை ஆரம்பிச்சிடலாம்” என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். நுரையீரலில் என்றால் ஆறு மாதம், மூளையில் என்றால் குறைந்தது 9 மாதம், ஒரு வருடமும் ஆகலாம் என்றார். கூடவே வலிப்பு மாத்திரை ஒன்றும் எழுதினார். வலிப்பே வராதவனுக்கு எதற்கு அது என்று நான் வாங்கவில்லை. முதல் தப்பு அது.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மருந்து ஏற்றி எடுப்பதால், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தார்கள். உள்ளே படுத்திருந்த முக்கால் மணி நேரமும், பேரிங் போன வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி ஆக்சிலேட்டரை முறுக்கியது போலச் சத்தம். ரிப்போர்ட்டில் 12 மில்லிமீட்டர் வளையம், சுற்றிலும் நீர்க்கோவை என்று ஒரு பத்தி. கடைசி வரியில் மூன்று பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கேள்விக்குறி. டி.பி. கட்டியா, நாடாப்புழுவின் கொப்புளமா, புற்றுக் கட்டியா.

அந்தக் கேள்விக்குறிகளை மூன்று தீர்ப்புகளாக எடுத்துக்கொண்டதுதான் எங்கள் கஷ்டத்துக்கெல்லாம் ஆரம்பம். படத்தைப் பார்த்து எழுதுகிறவர் என்னைப் பார்த்ததே இல்லை. இப்படித் தெரிகிற ஒன்று என்னென்னவாக இருக்கலாம் என்று அவர் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர் “இன்ஜின்ல டக் டக்னு சத்தம் வருது” என்றால் நானும் மூன்று காரணம் சொல்வேன். அதற்காக மூன்றும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இது இப்போது புரிகிறது. அப்போது ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து மூன்றாவது பெயரை மட்டும் போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது அபிப்பிராயத்துக்குப் புதுச்சேரி போனோம், ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணரிடம். மச்சான் ஒரு யோசனை சொன்னான். “முதல் டாக்டர் சொன்னதைச் சொல்லாதீங்க மாமா. அவரா என்ன சொல்றார்னு பார்ப்போம்.” கேட்பதற்குப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. முதலில் எடுத்த சி.டி. ஸ்கேன், பழைய சீட்டு, அப்பாவின் காசநோய் எல்லாவற்றையும் மறைத்து, எம்.ஆர்.ஐ. ஃபிலிமை மட்டும் நீட்டினேன். விழுந்ததைக்கூடச் சொல்லவில்லை. “தலைவலி சார்” என்றேன்.

அவர் என்ன செய்வார் பாவம். காரணமில்லாத தலைவலி, ஃபிலிமில் வீக்கம். “புற்றுக் கட்டி இல்லைன்னு உறுதியா சொல்ல முடியாது. ஊசி மூலமா ஒரு துளி சதை எடுத்துப் பார்க்கிறது பாதுகாப்பு” என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. கன்னியகோயில் தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறியதும் என் மனைவி மட்டும், “ஏங்க, பாதியை மறைச்சுட்டு அவரை எப்படிங்க குறை சொல்றது?” என்றாள்.

டாக்டருக்குப் பரீட்சை வைக்கிறதாக நினைத்து நான் எனக்கே குழி பறித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் முரண்பட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் ஆளுக்கொரு பாதியைத்தான் காட்டியிருக்கிறேன் என்பது உறைக்கவில்லை.

அந்த வாரமே கடையில் அது நடந்தது. கிளட்ச் கேபிள் வாங்கியவருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். இடது கை கட்டைவிரல் தானாக மடங்கி மடங்கி நிமிர்ந்தது. நிறுத்தப் பார்க்கிறேன், நிற்கவில்லை. விரலிலிருந்து மணிக்கட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை. காசெல்லாம் கொட்டிவிட்டது. நினைவு இருந்தது, பேச வரவில்லை. ஒரு நிமிடம் இருக்குமோ என்னவோ. பக்கத்து டீக்கடை அண்ணன் ஓடிவந்து என் கையில் இரும்பைத் திணித்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இரும்புக்கா பஞ்சம்? 14 ஆம் நம்பர் ஸ்பேனர், அதற்கு மேல் சாவிக்கொத்து. வலிப்பு இரும்பால் நிற்பதில்லை, தன் பாட்டில் நிற்கிறது. சுற்றியிருக்கிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கூர்மையானதை நகர்த்தி வைக்க வேண்டும், நினைவில்லாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் தண்ணீரோ துணியோ கரண்டியோ எதுவும் வைக்கக் கூடாது, கடிகாரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ 108. டீக்கடை அண்ணனுக்கு இப்போது இது மனப்பாடம்.

மனைவி அன்று ராத்திரி மகனின் பழைய ரூல் போட்ட நோட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். தேதி, என்ன நடந்தது, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம். எழுதும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, விழுவதற்கு முந்தின வாரமும் அந்த விரல் இப்படி ஒருமுறை துடித்தது. நரம்பு இழுத்துக்கொண்டது என்று உதறிவிட்டிருந்தேன். விழுந்த அன்றும் இடது கைதான் நழுவியது. அப்படியென்றால் சேறு வழுக்கிவிட்டதா, கை விட்டுவிட்டதா? இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு பக்கத் தாள், நாங்கள் அதுவரை செலவழித்த பணத்தை எல்லாம் விட அதிக வேலை செய்தது.

ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போய் இரண்டு ஸ்கேனையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் சி.டி. தட்டில் கேட்டு வாங்கினோம். ஃபிலிமில் அச்சடிப்பது அவர்கள் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான். சி.டி.யில் எல்லா வெட்டுகளும் இருக்கும், கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்க்கலாம். கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் தருவதில்லை. பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனை, ரிப்போர்ட் எல்லாம் தேதிவாரியாக ஒரே ஃபைலில். மேலே அந்த ஒரு பக்கத் தாள். இதோடு புதுச்சேரி கோரிமேட்டுக்குப் போனோம், மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனைக்கு.

போதனா மருத்துவமனை என்பதால் டாக்டரைச் சுற்றி நாலைந்து இளம் டாக்டர்கள். பெரியவர் முதலில் தாளைத்தான் படித்தார். பிறகு சி.டி.யைப் போட்டு மௌஸை உருட்டிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார். வளையத்தின் உள்ளே ஓரமாக ஒரு புள்ளி, உளுத்தம்பருப்பின் முளை போல. “இது புழுவோட தலையா இருக்கலாம்” என்றார். அவருக்குப் பின்னால் நின்ற இளம் டாக்டர் அம்மா தயங்காமல், “சார், எனக்கு அது அவ்வளவு தெளிவா தெரியல. அப்பாவுக்கு டி.பி. இருந்திருக்கு, அதை விட்டுட முடியாதே” என்றார். இருவரும் என் எதிரிலேயே ஐந்து நிமிடம் வாதாடினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்களுக்கோ அது தினசரி வேலை. ஒருவர் சொல்வதற்கு இன்னொருவர் ஆதாரம் கேட்கிறார், இவர் காட்டுகிறார், அவர் பாதி ஒத்துக்கொள்கிறார். மூன்று வாரமாக இரண்டு ஊர் சுற்றி நான் பயந்துகொண்டிருந்த அதே முரண்பாடு, அங்கே ஒரே மேசையில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் தெம்பாக இருந்தது. இந்தக் குழப்பம் எனக்காகப் புதிதாக வந்ததில்லையாம். வலிப்போடு வருகிறவர்களின் ஸ்கேனில் இந்த மாதிரி ஒற்றைச் சின்ன வளையம் தெரிந்தால், ஒரு காலத்தில் நம் நாட்டில் டி.பி. என்றே எடுத்துக்கொண்டு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1980களின் கடைசியிலும் 90களிலும் வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் போன்ற மருத்துவர்கள் அப்படிப்பட்டவற்றில் சிலவற்றை எடுத்துச் சோதித்தபோது, பெரும்பாலும் நாடாப்புழுவின் கொப்புளமாக இருந்தது. அதிலிருந்து ஒரு அளவுகோல் வைத்தார்கள். ஒன்றே ஒன்றுதானா, 20 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளாமல் இருக்கிறதா, தலைக்குள் அழுத்தம் ஏறிய அடையாளம் இல்லையா, கைகால் பலவீனம் நாளுக்கு நாள் கூடாமல் இருக்கிறதா, உடம்பில் வேறு எங்கும் டி.பி.யோ புற்றோ இல்லையா. எல்லாம் பொருந்தினால் அவசரப்பட்டுத் துளை போட வேண்டாம், கொப்புளம் என்று வைத்துக்கொண்டு கவனமாகப் பார்த்து வரலாம்.

நான் நோட்டிலிருந்து மூன்று கேள்வி கேட்டேன், மனைவி எழுதிக் கொடுத்தது. “எதை வச்சு இது புழுன்னு சொல்றீங்க சார்?” “எது நடந்தா இல்லைன்னு மாத்திச் சொல்வீங்க?” “எத்தனை நாள் பொறுத்துப் பார்த்தா ஆபத்தில்லை?” முதலாவதற்குப் படத்தைக் காட்டினார். இரண்டாவதற்கு, காய்ச்சல், எடை குறைவு, வளையம் பெரிதாவது என்றார். மூன்றாவதற்கு மூன்று மாதம், அதற்குள் தொடர்ந்து வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, அசதியாய்த் தூங்கி வழிவது, பார்வை மங்கல், கை வலுவிழப்பது இதில் எது வந்தாலும் தேதி பார்க்காமல் உடனே வர வேண்டும் என்றார். இதே கேள்விகளை முதல் இரண்டு இடத்திலும் கேட்டிருந்தால் அவர்களும் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் அங்கெல்லாம் கேட்டது ஒன்றே ஒன்று: “பயப்படும்படி ஒண்ணுமில்லையே சார்?”

அப்புறம்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நோயின் பெயரில்தான் எல்லோரும் பிரிந்து நின்றார்கள். வலிப்பு மாத்திரை வேண்டும் என்பதில், வண்டி ஓட்டக் கூடாது என்பதில், மறுபடி ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பெயர் முடிவாகட்டும் என்று காத்திருந்து, பெயரே தேவைப்படாத மாத்திரையை நான் போடாமல் விட்டிருக்கிறேன். முதல் டாக்டர் எழுதியதை அன்றே வாங்கியிருந்தால் சில்லறை கொட்டியிருக்காது.

வீட்டில் அடுத்த பஞ்சாயத்து. நாங்கள் சைவம். “பன்னி சாப்பிடறவங்களுக்குத்தானே அந்தப் புழு? நம்ம வீட்டுல எப்படி வரும்?” என்றாள் அம்மா. விஷயம் நேர்மாறு. சரியாக வேகாத பன்றிக் கறியைத் தின்றால் வருவது குடலில் வாழும் நாடாப்புழு. மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டையிலிருந்து பொரிந்து வரும் இளம்புழு. அந்த முட்டை, குடலில் புழு இருக்கிற யாரோ ஒருவரின் மலத்திலிருந்து, கழுவாத கை வழியாக, தண்ணீர் வழியாக, பச்சையாகத் தின்னும் காய் கீரை வழியாக யாருடைய வாய்க்கும் வரலாம். சைவமா அசைவமா என்று அது கேட்பதில்லை. உள்ளே போன பிறகு வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். அது சாகத் தொடங்கும்போது உடம்பு அதோடு சண்டை போட்டு வீங்குகிறது, அப்போதுதான் வலிப்பு.

இதை விளக்கியது அம்மாவுக்கு ஆறுதலாக இல்லை, அவமானமாகிவிட்டது. “அப்ப என் சமையல்ல மலம்னு சொல்றியா?” என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எப்போது எங்கே தின்றது என்று யாராலும் சொல்ல முடியாது, கோயில் வாசலில் தின்ற வெள்ளரிக்காயாக இருக்கலாம், பதினைந்து வருடம் முந்தைய கல்யாணப் பந்தியாக இருக்கலாம் என்று சொல்லிச் சமாதானம் செய்தேன். வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை பார்க்கச் சொன்னார்கள், ஒருவருக்கும் இல்லை. அம்மா தன்னுடைய ரிப்போர்ட்டை மட்டும் தனியாக வாங்கி பூஜை அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

நடுவே ஒரு பீதி. டி.பி.யை ஒதுக்குவதற்காகக் கையில் ஊசி போட்டு மூன்றாம் நாள் பார்த்தார்கள். 14 மில்லிமீட்டர் தடித்திருந்தது. ஆக முதல் டாக்டர் சொன்னதே சரியோ என்று மறுபடி ஆடிப்போனோம். டி.பி. கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்து போயிருக்கிறது என்பதற்குத்தான் அது அடையாளம், நம் நாட்டில் ஏராளமானவர்களுக்கு இப்படித் தடிக்கும், இப்போது நோய் இருக்கிறது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று விளக்கினார்கள். மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது.

மருந்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குடற்புழு நீக்க ஒரு மாத்திரை கொடுப்பார்களே, அதே அல்பெண்டசோல்தான். அதனாலேயே ஒரு எச்சரிக்கை: கடையில் வாங்கித் தானாகப் போட்டுக்கொள்கிற விஷயமில்லை இது. புழு சாகும்போது வீக்கம் கூடும் என்பதால் முதலில் ஸ்டீராய்டு தொடங்கினார்கள். கண்ணுக்குள் கொப்புளம் இருக்கிறதா என்று கண் டாக்டரிடம் அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையே. கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் நன்றாகச் சேரும் என்றார்கள், அம்மா நெய் விடுவதற்கு அதைவிட வேறு அனுமதி தேவைப்படவில்லை. ஸ்டீராய்டு போட்ட நாட்களில் பசி தாங்காது, தூக்கம் வராது, சர்க்கரை 190ஐத் தொட்டது. நன்றாகிவிட்டதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது, அவர்கள் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மாசியில் அடுத்த ஸ்கேன். 12 இருந்தது 5 ஆகியிருந்தது, வீக்கம் ஏறக்குறைய இல்லை. நான் குதிக்கப் போனேன். அந்த இளம் டாக்டர் அம்மா இங்கேயும் விடவில்லை. ஸ்டீராய்டால் வேறு சிலவும் தற்காலிகமாகச் சுருங்கும், மருந்தெல்லாம் முடிந்து இன்னொரு படம் பார்க்கும்வரை ஃபைலை மூட வேண்டாம் என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால் எனக்காக அதிகம் சந்தேகப்பட்டவர் அவர்தான். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் வளையம் இல்லை, அரிசி நொய் அளவில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி மட்டும். ரிப்போர்ட்டில் ‘ஆறிய கொப்புளமாக இருக்கலாம்’ என்று ஒரே ஒரு பெயர். அதற்கு முன்னால் இன்னும் ஒரு கேள்விக்குறி இருக்கத்தான் செய்கிறது.

முதல் டாக்டரிடம் ஃபைலோடு போய்க் காட்டினேன். நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தார். “நல்லதாப் போச்சு. ஆனா உங்களுக்கு அன்னிக்குக் காய்ச்சல் இருந்து, இந்தப் படமும் இல்லாம இருந்தா, நான் மறுபடியும் அதேதான் சொல்வேன்” என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவருக்கு இதே போல வளையம் வந்து, அது டி.பி.யாகவே முடிந்து, வருடம் முழுக்க மாத்திரை போட்டுக் குணமானார். என் கதையைக் கேட்டு அவர் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். நல்லவேளை, முதலில் என்னிடம் வந்து சொன்னார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவருடைய டாக்டரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

சுண்ணாம்புப் புள்ளி மிஞ்சியிருப்பதால் வலிப்பு மாத்திரையை உடனே விட முடியாது என்கிறார்கள். காலையும் இரவும் எட்டு மணிக்குப் போனில் அலாரம் அடிக்கிறது. வண்டி ஓட்டுவது இல்லை. லைசென்ஸ் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது, இத்தனை வருடம் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் பைக் கடைக்குள் தார்ப்பாய் மூடி நிற்கிறது, வருகிறவர்கள் விலை கேட்கிறார்கள்.

மனைவிதான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுகிறாள். எனக்கும் சேர்த்து ஹெல்மெட் போட்டால்தான் சாவியே போடுவாள். கெடிலம் பாலத்தில் ஏறியதிலிருந்து பிரேக்கை விடுவதே இல்லை. எட்டு மாதத்தில் பின்பக்க பிரேக் ஷூவை வழவழவென்று தேய்த்துவிட்டாள். கடையிலிருந்தே புதிதாக ஒரு செட் எடுத்து மாற்றிக் கொடுத்தேன். இதற்கும் பில் போடுவீங்களா என்று கேட்டாள். போடவில்லை.